ஐந்து வோல்ட்டும் பதினெட்டு ஆம்பியரும்

இவ்வாண்டுப் பொங்கல் விழா மேடையின் பின்திரையில் ஒளிக்கோலம் ஒன்று அமைப்பதென்று நம் சங்கச் செயற்குழு முடிவு செய்திருக்கின்றது. ஐந்து மீட்டர் நீளமுள்ள எல்.இ.டி. நாடா ஒன்று, அதனை ஆட்டுவிக்க ஒரு சிறிய நுண்கட்டுப்பாட்டுப் பலகை. பொறியியல் பயிலும் தம்பியர் மூவரும், இலக்கியம் பயிலும் தங்கை ஒருவரும் இப்பணியை ஏற்றுள்ளனர். எந்த இதழ் எந்த நிறத்தில் மலரவேண்டும், பானை பொங்கும்போது ஒளி எப்படி மேலெழ வேண்டும் என்பன பற்றி நாள்தோறும் உணவு விடுதியில் பேச்சு நடக்கின்றது. ஆனால் மின்சாரத்தை எங்கிருந்து, எவ்வழியாக, எவ்வளவு கொண்டுவருவது என்னும் பேச்சு மட்டும் இன்னும் எழவில்லை. "அண்ணா, மொபைல் சார்ஜர் ஒன்று போதாதா?" என்று ஒரு தம்பி கேட்டார். போதாது. ஏன் போதாது என்பதையும், எது போதும் என்பதையும் கணக்கோடு எழுதிவிடலாம் என்று தோன்றியது. இயற்பியல் முதுகலை மாணவனாகிய எனக்கு இக்கணக்குப் புதிதன்று. பள்ளியில் ஓம் விதி படித்த எவருக்குமே புதிதன்று.

முதலில் நாடாவைப் பார்ப்போம். வளையக்கூடிய மெல்லிய பட்டையொன்றில் செப்புத் தடங்கள் ஓட, அவற்றின்மேல் விளக்குகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். நாம் வாங்கவிருப்பது டபிள்யூ.எஸ். 2812 பி என்னும் வகை. மீட்டருக்கு 60 விளக்குகள். ஐந்து மீட்டருக்கு 300. ஒவ்வொரு விளக்கினுள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிப்புள்ளிகளும், அவற்றை ஆளும் ஒரு நுண்சில்லும் அடங்கியுள்ளன. மூன்றும் ஒருங்கே எரிந்தால் நம் கண்ணுக்கு வெண்மை. சிவந்த ஒளி தரும் எல்.இ.டி. 1962-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நீலந்தான் நெடுங்காலம் கைக்கு எட்டவில்லை. பொலிவுள்ள நீல எல்.இ.டி.யை ஆக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த நீலத்தைப் பற்றிப் பின்னர் ஒரு செய்தி வரும். அதற்காகவே இதனை இங்குச் சொன்னேன்.

அடுத்தது பலகை. நம்மவர் வைத்திருப்பது ஆர்டுயினோ ஊனோ மூன்றாம் பதிப்பு. 2005-இல் இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்கென்றே தோன்றியது ஆர்டுயினோ. அந்நகரில் அவ்வாசிரியர்கள் கூடிய ஒரு மதுக்கடையின் பெயர் அது. கடைக்கோ பழைய அரசர் ஒருவரின் பெயர். உள்ளங்கையில் அடங்கும் இப்பலகை நாம் எழுதிக்கொடுக்கும் நிரலைப் படித்து, "முதல் விளக்கே, மஞ்சளாகு, இரண்டாம் விளக்கே, பச்சையாகு" என்று ஒரே ஒரு கம்பியின் வழியாகக் கட்டளையிடும். அதன் வேலை அவ்வளவே.

ஏரிப் பாசனத்தில் மடைக்காரர் ஒருவர் இருப்பார். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் என்று முடிவு செய்பவர் அவர். அதற்காக நீரையெல்லாம் குடத்தில் மொண்டு தம் தலையில் சுமந்து செல்வதில்லை. நீர் வாய்க்கால் வழியே போகின்றது. அவர் மடையைத் திறக்கின்றார், மூடுகின்றார். நம் பலகை மடைக்காரர். அதன் தலையில் குடத்தை ஏற்றுவதுதான் புதிதாக இத்துறையில் இறங்குவோர் பலர் செய்வது. பலகையில் '5 வோல்ட்' என்று எழுதிய முனை ஒன்று இருக்கின்றது. நாடாவும் 5 வோல்ட்டில் இயங்குவது. ஆகவே இரண்டையும் இணைத்துவிடலாம் என்று தோன்றுவது இயற்கையே. பத்து விளக்குகளை மங்கலாக எரிக்கும்வரை அது நடக்கவும் செய்யும். அங்கேதான் ஏமாற்றம்.

கணக்கைப் பாருங்கள். ஒளிப்புள்ளி ஒன்று முழு ஒளியில் ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். மூன்று புள்ளிக்கு 60. முந்நூறு விளக்குக்கு 18,000 மில்லி ஆம்பியர். அதாவது 18 ஆம்பியர். 5 வோல்ட்டால் பெருக்கினால் 90 வாட். பிற்காலத்து வகைகள் சிலவற்றில் புள்ளிக்கு 12 மில்லி ஆம்பியர்தான். ஆயினும் கடைக்காரர் எந்த வகையைச் சுருட்டிக் கொடுப்பார் என்பது உறுதியில்லை. பெரிய எண்ணை வைத்துக் கணக்கிடுவதே முறை. இனி, பலகை எவ்வளவு தரும்? கணினியின் யூ.எஸ்.பி. வாயிலிருந்து வரும் மின்சாரத்தை அது 500 மில்லி ஆம்பியரில் நிறுத்தும் உருகி ஒன்றைத் தன்னிடம் கொண்டுள்ளது. மீறினால் அவ்வுருகி சூடேறித் தடுக்கும், ஆறியதும் மீளும். முழு வெண்மையில் எட்டு விளக்குகளுக்கே 480 மில்லி ஆம்பியர் போய்விடுகின்றது. நமக்கு வேண்டியது முந்நூறு.

"அப்படியானால் பலகையின் வட்டத் துளையில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகுவோம்" என்பர். இது முன்னதினும் தீது. அத்துளைக்கு 7 முதல் 12 வோல்ட் வரை கொடுக்கலாம் என்பது உண்மையே. ஆனால் 12-ஐ 5 ஆக்கும் சீராக்கி எஞ்சிய 7 வோல்ட்டை வெப்பமாகவே கழிக்கின்றது. அரை ஆம்பியர் ஓடினால் 7 × 0.5 = 3.5 வாட் வெப்பம், சுண்டுவிரல் நகத்தளவுள்ள ஒரு சில்லில். முப்பது வெண் விளக்குகளுக்குரிய 1.8 ஆம்பியரைக் கேட்டால் 12.6 வாட், நாம் பற்றவைக்கப் பயன்படுத்தும் 25 வாட் சூட்டுக்கோலில் பாதி. அச்சீராக்கி அதுவரை பொறுத்திராது. வெப்பம் மீறியதும் தன்னைத் துண்டித்துக்கொள்ளும், இல்லையேல் கெடும். 2023-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் வேறு வகைச் சீராக்கி உண்டு. அது 24 வோல்ட் வரை ஏற்கும், இத்துணை வெப்பமும் உமிழாது. எனினும் 18 ஆம்பியர் அதற்கும் எட்டாத உயரமே.

ஆகவே மின்வழங்கி தனியாக வேண்டும். அதிலிருந்து இரண்டு கிளை: ஒன்று நேரே நாடாவுக்கு, மற்றொன்று மெல்லிய கிளையாகப் பலகைக்கு. பலகைக்கு வேண்டியது 100 மில்லி ஆம்பியரினும் குறைவு. பலகையிலிருந்து நாடாவுக்குச் செல்ல வேண்டியவை கட்டளைக் கம்பி ஒன்றும், இரண்டுக்கும் பொதுவான எதிர்முனைக் கம்பி ஒன்றுமே. இந்தப் பொதுக்கம்பியை மறந்தால் விளக்குகள் பித்துப் பிடித்தவைபோல் கண்டபடி மின்னும். கட்டளையை எதனோடு ஒப்பிட்டு 'உயர்வு', 'தாழ்வு' என்று அறிவது என நாடாவுக்குத் தெரியாமற் போவதே காரணம்.

இதுவரை சொன்னது பலகையைக் காப்பது. பலகை கெட்டால் சில நூறு ரூபாய் நட்டம். அதற்காக நான் இவ்வளவு எழுதமாட்டேன். இனிச் சொல்வதே முக்கியம்.

"ஐந்து வோல்ட்டுதானே, தொட்டாலும் ஒன்றும் செய்யாதே" என்னும் சொல்லை இவ்வளாகத்தில் பலமுறை கேட்டுவிட்டேன். தொட்டால் ஒன்றும் செய்யாது என்பது மெய். நம் தோலின் மின்தடையை மீறி 5 வோல்ட்டால் அதிர்ச்சியூட்டும் அளவு மின்னோட்டத்தைச் செலுத்த இயலாது. ஆனால் அதிர்ச்சி ஓர் இடர். தீ வேறோர் இடர். அதிர்ச்சிக்கு மின்னழுத்தம் காரணம். கம்பி சூடேறுவதற்கோ மின்னோட்டமே காரணம். அதுவும் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. இவ்விதியை ஜூல் 1841-இலேயே வெளியிட்டார். அதே 90 வாட்டை 230 வோல்ட்டில் கொண்டுவந்தால் கம்பியில் ஓடுவது 0.39 ஆம்பியர், 5 வோல்ட்டில் கொண்டுவந்தால் 18 ஆம்பியர். சுவரிலுள்ள கம்பி அஞ்சத்தக்கது, நாடாவின் கம்பி விளையாட்டுப் பொருள் என்று நினைக்கின்றோம். வெப்பத்தைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ்.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.017 ஓம். மின்வழங்கியை மேடைக்குப் பின்னே இரண்டு மீட்டர் தள்ளி வைப்பதாகக் கொள்வோம். போக இரண்டு, வர இரண்டு, ஆக நான்கு மீட்டர், 0.069 ஓம். 18 ஆம்பியர் ஓடினால் கம்பியிலேயே 1.24 வோல்ட் தொலைகின்றது. நாடாவுக்குச் சேர்வது 3.76 வோல்ட். தொலைந்தது எங்கே போயிற்று? 22 வாட் வெப்பமாகக் கம்பியின் நெடுகிலும் பரவியிருக்கின்றது. கட்டி முடிச்சிட்டுத் துணிக்குள் சுருட்டி வைத்தாலோ அந்த வெப்பம் ஒரே இடத்தில் சேர்கின்றது. கம்பியின்மேலுள்ள சாதாரண பி.வி.சி. உறை 70 பாகை வரைதான் தாங்கும். நம் மேடையில் அதனருகே இருக்கப்போவது என்ன? தெர்மோகோல் எழுத்து, அது 100 பாகையை ஒட்டியே இளகிவிடும்; காகிதப் பூ; பட்டுத் திரை; காய்ந்த கரும்புத் தோகை; குடிசைக்கு வைக்கோல். தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டியில் பிறந்தவன் நான். தீப்பிடிக்கப் பெருநெருப்பு வேண்டுவதில்லை, ஓரிடத்தில் சேர்ந்த சிறு வெப்பமே போதும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கம்பியினும் கொடியது இணைப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இவ்வளாகத்தில் வேறோர் அமைப்பினரின் விழா நடந்தது. மறுநாள் மேடையைப் பிரிக்க உதவிக்குச் சென்றோம். தெர்மோகோல் எழுத்தொன்றின் பின்புறத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி. அதனுள் நாடாவின் நுனியில் வரும் சிறிய பிளாஸ்டிக் இணைப்பி பழுப்பேறி உருக்குலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. விழா நடந்த மூன்று மணி நேரமும் விளக்குகள் எரிந்தன, நாட்டியம் நடந்தது, முன்வரிசையில் குழந்தைகள் அமர்ந்திருந்தனர். ஒருவருக்கும் தெரியவில்லை. அவ்விணைப்பி 3 ஆம்பியருக்கு உரியது. சற்றுத் தளர்ந்த இணைப்பின் தடை 0.05 ஓம் என்று கொண்டாலும், 9 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 4 வாட் வெப்பம். சூடேறச் சூடேற உலோகம் கறுக்கும். கறுக்கக் கறுக்கத் தடை ஏறும். தடை ஏற ஏற இன்னும் சூடேறும். உருகியும் இதனைத் தடுக்காது. ஏனெனில் ஓடும் மின்னோட்டம் அளவில் மிகவில்லை. ஆகவே மின்சாரம் செல்லும் கம்பிகளை நாடாவில் நேரே பற்றாசு வைத்து ஒட்டுங்கள். மின்வழங்கியின் திருகுகளை இறுக்கமாக முடுக்குங்கள். முறுக்கி டேப் சுற்றும் வழக்கத்தை அறவே விடுங்கள். கட்டளைக் கம்பிக்கு மட்டும் அச்சிறு இணைப்பி இருக்கட்டும்.

இவற்றிலிருந்து ஒரு வழி தெளிவாகின்றது. நெடுந்தொலைவை 230 வோல்ட்டே கடக்கட்டும். 5 வோல்ட்டின் பாதை குறுகியதாக இருக்கட்டும். மின்வழங்கியை நாடாவுக்கு அரை மீட்டர் தொலைவுக்குள், துணிக்குப் புறம்பே, காற்றோட்டமான இடத்தில் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இட்டால், முன்சொன்ன 1.24 வோல்ட் இழப்பு 0.12 வோல்ட்டாகச் சுருங்கிவிடும். நாட்டின் பெருமின்வழிகளை 765 ஆயிரம் வோல்ட்டில் இயக்குவதும் இதே காரணத்தால்தான். தில்லிக்கு வரும் மின்சாரத்துக்கும் நம் பின்திரைக்கு வரும் மின்சாரத்துக்கும் விதி ஒன்றே.

இப்போது நீலத்துக்கு வருவோம். நாடாவின் செப்புத் தடம் மிக மெல்லியது. அதற்கும் தடை உண்டு. ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்து முழு வெண்மை எரித்தால், முதல் மீட்டர் வெண்மையாகவும், கடைசி மீட்டர் மஞ்சளித்துச் செம்மை படர்ந்தும் தோன்றும். விளக்கு கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டா. நீலப் புள்ளி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும்; சிவப்புக்கு 2 வோல்ட் போதும். தொலைவு செல்லச் செல்ல மின்னழுத்தம் குறைய, நீலம் முதலில் வாடுகின்றது. சிவப்பு கடைசிவரை நிற்கின்றது. அந்தச் செம்மை ஓர் அளவுகோல்; மின்னழுத்தம் எங்கே தேய்கின்றது என்று அது நிறத்தாலேயே காட்டிவிடுகின்றது. இதற்கு மருந்து, நாடாவின் இரு முனைகளிலும் மின்சாரம் செலுத்துவது. கட்டளை மட்டும் ஒரு முனையிலிருந்தே செல்லவேண்டும். நாடாவில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி அதன் திசையைக் காட்டும்.

இனி என் கருத்தைச் சொல்கின்றேன். நமக்கு 18 ஆம்பியர் வேண்டவே வேண்டா. முந்நூறு விளக்கும் முழு வெண்மையில் எரிந்தால் கூத்தாடுபவர் முகம் தெரியாது. பார்ப்போர் கண் கூசும். ஒளியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும் நம் கண்ணுக்கு அது மூன்றில் ஒரு பங்கு மங்கலாகத் தோன்றுவதில்லை. கண் அப்படி அளப்பதில்லை. ஆனால் மின்னோட்டம் 6 ஆம்பியராகின்றது. கம்பியின் வெப்பமோ இருமடி விதிப்படி ஒன்பதில் ஒரு பங்காகின்றது. ஃபாஸ்ட்லெட் என்னும் நிரல் நூலகத்தில், "மொத்தம் இத்தனை மில்லி ஆம்பியரைத் தாண்டாதே" என்று கூறும் ஒரு வரியே இருக்கின்றது. அதனை 6000 என்று இடுங்கள். எனினும் நிரலை நம்பித் தூங்கவும் கூடாது. கட்டளைக் கம்பியில் ஓர் இரைச்சல் புகுந்தால், பலகையின் எண்ணம் ஒன்றாகவும் விளக்குகளின் செயல் வேறாகவும் ஆகிவிடும். ஆகவே 5 வோல்ட், 10 ஆம்பியர் மின்வழங்கி ஒன்று வாங்கி, அதிலிருந்து இரு முனைக்கும் செல்லும் நேர்முனைக் கம்பிகள் ஒவ்வொன்றிலும், மின்வழங்கிக்கு அருகிலேயே, 5 ஆம்பியர் உருகி ஒன்று வையுங்கள். மோட்டார் கார்களில் வரும் தட்டையான உருகியே போதும். அதற்குரிய கூடும் எளிதில் கிடைக்கும். கிளை ஒன்றில் ஓடப்போவது 3 ஆம்பியர். எங்கேனும் குறுக்கிணைப்பு நேர்ந்தால் நாடாவின் மெல்லிய தடம் கருகுவதற்கு முன் உருகி அறும். மின்வழங்கியை அதன் முழு அளவுக்கும் வேலை வாங்காமல், பத்தில் எட்டுப் பங்குக்குள் நிறுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது. நாம் ஆறு பங்கே வாங்குகின்றோம்.

(12 வோல்ட்டில் இயங்கும் நாடாக்களும் உண்டு. அதே 90 வாட்டுக்கு 7.5 ஆம்பியர்தான் ஆகும். அடுத்த ஆண்டு பெரிய மேடை கிடைத்தால் அதனை எண்ணிப் பார்க்கலாம்.)

மின்வழங்கியை வாங்கச் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத் ராய் சந்தைக்கோ, அதனையொட்டிய பாகீரத் பேலஸுக்கோ போவீர்கள். அங்கே துளைகள் நிறைந்த தகரப் பெட்டி போன்ற எஸ்.எம்.பி.எஸ். குவிந்து கிடக்கும். விலையை மட்டும் கேளாதீர்கள்; கையில் எடுத்து எடை பாருங்கள். 10 ஆம்பியர் என்று எழுதியிருந்து காகிதம்போல் இலேசாக இருப்பதை நான் வாங்கமாட்டேன். இந்தியத் தர அமைவனத்தின் பதிவுக் குறியும் 'ஆர்' என்று தொடங்கும் எண்ணும் உள்ளதா என்று பாருங்கள். கடைக்காரர் "சப் சல்தா ஹை, பாய்" என்பார். புன்னகைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். கடைகளுக்கு அங்கே பஞ்சமில்லை.

அப்பெட்டியின் ஒரு பக்கத்தில் 230 வோல்ட் திருகுகளும், மறு பக்கத்தில் 5 வோல்ட் திருகுகளும் அடுத்தடுத்தே இருக்கும். இங்கேதான் உயிருக்கு இடர். 230 வோல்ட் பக்கத்துக்கு மூன்று கம்பியுள்ள வடம் வேண்டும்: பழுப்பு பேஸுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த்துக்கு. திருகுகளின்மேல் மூடி இருக்கவேண்டும். பெட்டியைப் பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். எர்த்தை விடுவது நம் விடுதியில் எல்லாரும் செய்வது. மூன்று முனைச் செருகியை இரண்டு முனை நீட்டிப்பில் எப்படியோ நுழைத்துவிடுகின்றனர். எர்த் இல்லாத எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று உறுத்துவதைச் சிலர் உணர்ந்திருப்பீர்கள். இரைச்சலை வடிகட்டுவதற்காக அதனுள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்குச் சிறு மின்தேக்கிகள் வைத்திருப்பர். எர்த் இல்லையெனில் பெட்டி இரண்டுக்கும் நடுவான மின்னழுத்தத்தில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது, உறுத்தலோடு போகும். ஆனால் உள்ளே ஏதேனும் பழுதாகிப் பேஸ் நேரே பெட்டியைத் தொட்டுவிட்டால், எர்த் இருந்தால் உருகி போகும். இல்லாவிட்டால் தொட்டவர் போவார். ஐந்து வோல்ட் அதிர்ச்சி தராது என்று மேலே சொன்னதும், மின்வழங்கி ஒழுங்கானதாக இருக்கும்வரைதான்.

பலகைப் பக்கத்துச் சிறு செய்திகள் சில. மின்வழங்கியின் 5 வோல்ட்டைப் பலகையின் '5 வோல்ட்' முனைக்கே கொடுங்கள். 'வின்' என்னும் முனை 7 வோல்ட்டுக்கு மேற்பட்டதற்கு. '5 வோல்ட்' முனைக்குச் சீராக்கியின் காவல் கிடையாது. ஆகவே இணைக்குமுன் மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்து, நேர்முனை எது, எதிர்முனை எது என்று பார்த்துவிடுங்கள். பெட்டியில் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு ஒன்று இருக்கும். முன்பு யாரேனும் திருகியிருக்கக் கூடும். கணினியிலிருந்து நிரல் ஏற்றும்போது அந்த 5 வோல்ட் கம்பியைக் கழற்றிவிட்டு, எதிர்முனையையும் கட்டளையையும் மட்டும் வைத்திருங்கள். இரண்டு மின்மூலங்கள் ஒரே முனையில் மோதினால், வலியது மெலியதற்குள் பாயும். மெலியது உங்கள் மடிக்கணினியாக இருக்கலாம்.

கட்டளைக் கம்பி நாடாவைச் சேரும் இடத்தில் 330 ஓம் மின்தடை ஒன்று. நாடாவின் தொடக்கத்தில் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் குறுக்கே 1000 மைக்ரோ பாரட் மின்தேக்கி ஒன்று. அது 6.3 வோல்ட்டுக்கோ அதற்கு மேற்பட்டதற்கோ உரியதாக இருக்கட்டும். பட்டை வரைந்த கால் எதிர்முனைக்கு. மாற்றிக் கொடுத்தால் வெடிக்கும். மின்சாரம் போட்டவுடன் வரும் வேகத்தை அது தாங்கிக்கொள்ளும். நாடாவுக்கு மின்சாரம் வருமுன் கட்டளை போகலாகாது; அப்படிப் போனால் முதல் விளக்கின் சில்லு கட்டளைக் கம்பி வழியாகவே மின்சாரம் உறிஞ்சப் பார்த்துக் கெடும். இரண்டும் ஒரே மின்வழங்கியில் இருந்தால் இக்கவலை இல்லை. ஆர்டுயினோவுக்கு மாற்றாக ஈ.எஸ்.பி. 32 பலகை கொண்டுவரலாம் என்று ஒரு தம்பி சொன்னார். தாராளமாகக் கொண்டுவரலாம். ஆனால் அது 3.3 வோல்ட்டில் பேசுவது. நாடாவோ 5 வோல்ட்டின் 0.7 பங்காகிய 3.5 வோல்ட்டைத் தாண்டினால்தான் 'உயர்வு' என்று கேட்கும். சில வேளை கேட்கும், சில வேளை கேளாது. விழா நாளில் கேளாது. இடையே 74 ஏ.எச்.சி.டி. 125 என்னும் சில்லு ஒன்றை வைத்துக் குரலை உயர்த்திவிட வேண்டும்.

விடுதி அறையில் பத்து இருபது விளக்குகளை வைத்துப் பழகுவோருக்கு இத்தனையும் வேண்டுவதில்லை. 2 ஆம்பியர் தரும் நல்ல சார்ஜர் ஒன்றே போதும். அப்போதும் நாடாவுக்கான கம்பி பலகைக்குள் புகாமல் தனியே போகட்டும். பவர் பேங்க் பயன்படுத்துவோர் ஒன்றை அறிக: விளக்குகள் அணைந்து மின்னோட்டம் மிகக் குறைந்ததும், அது வேலை முடிந்தது என்று தானே நின்றுவிடுவதுண்டு. பலகை கெட்டதாக எண்ணி அதனைப் பிரித்து மேயவேண்டா.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே முழு அமைப்பையும் வெறுந்தரையில் விரித்துச் சோதிக்க வேண்டும். சுருளை அவிழ்க்காமல் எரிக்கக் கூடாது. சுருளுக்குள் வெப்பம் அடைபட்டு நாடா கெடும். அரை மணி நேரம் வெண்மையில் ஓடவிட்டு, நாடாவின் நடுவே மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள், 4.5 வோல்ட்டுக்குக் குறையலாகாது. சுவர்ப் பொத்தானை அணைத்துவிட்டு உடனே ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தொடுங்கள். இளஞ்சூடு சரி. விரலை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் அந்த இணைப்பை அறுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அதன் பிறகே திரையில் கட்டலாம்.

விழா மாலையில் அந்தப் பொத்தானுக்கு அருகே ஒருவர் நிற்கட்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்க வேண்டா. கருகும் நாற்றம் வந்தால் ஆராயாமல் முதலில் அணைப்பது, நீரை ஊற்றாமல் உலர்தூள் அணைப்பானை எடுப்பது, இரண்டுமே அவர் பொறுப்பு. அவ்வணைப்பான் அரங்கின் எந்தக் கதவருகே மாட்டியிருக்கின்றது என்று இப்போதே போய்ப் பார்த்துவர வேண்டும். சோதனை நாளுக்கு மல்டிமீட்டரும், 25 வாட் சூட்டுக்கோலும், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி மூன்று மீட்டரும் என் அறையில் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.